பங்கஜம் இழுத்த முந்தானை

ஜூன் 3, செவ்வாய்

காலையில் மோட்டார் ஓடவில்லை. இரண்டு குடம் கீழே பிடித்து மாடியேற்றிவிட்டு வளசரவாக்கம் போய்ச் சேர்வதற்குள் ஒத்திகை தொடங்கிவிட்டது.

இன்று புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். ஜீன்ஸ், டி-ஷர்ட். மனைவி வேடம். கணவனாக நடிக்கிறவன் பேசுவதற்குச் சற்று முன்னால், தோளில் இல்லாத முந்தானையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். எதற்கம்மா அது என்று கேட்டேன். "காமெடி சீன்ல ஒய்ஃப்னா அப்படித்தானேம்மா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அவளுக்கு அடுத்தவளும் இழுத்தாள். பெண் வேடம் போட்ட ஒரு பையனும் இழுத்தான். கணவன்மார் எல்லோரும் அந்த இழுப்பைப் பார்த்து, எச்சில் விழுங்கி, ஒரு நொடி வெறுமனே நின்று, அப்புறம் வாய் திறந்தார்கள். இந்த ஒரு நொடிக்கு இங்கே 'ஏகா கேப்' என்று பெயர். எந்தச் சேனலைத் திருப்பி எந்தச் சிரிப்பு நிகழ்ச்சியைப் பார்த்தாலும் இழுப்பும் கேப்பும் இருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லித்தருவதுதான் என் வேலை. இதை மட்டும் நான் சொல்லித்தருவதில்லை, வரும்போதே கொண்டுவந்துவிடுகிறார்கள்.

அந்த முந்தானை என்னுடையது. அந்த கேப் ஏகாம்பரம் சாருடையது. 'ஞாயிறு பத்தரை' என்ற டி.வி. சிரிப்பு நிகழ்ச்சி ஓடிய பதிமூன்று வருடமும் அவர் தாமோதரன், நான் அவர் மனைவி பங்கஜம். என் பெயர் ஃபிலோமினா என்பதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன். சர்ச்சில்கூட இப்போது பங்கஜம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஃபாதர் உட்பட.

மதியம் டைரக்டர் யுவராஜ் எல்லோரையும் கூட்டிச் சேதி சொன்னார். சேனலின் ஆண்டு விழாவில் ஏகா சாருக்கு மரியாதை செய்யப்போகிறார்களாம். இருபத்திரண்டாம் தேதி, ஆட்கள் நிறைந்த அரங்கத்திலிருந்து நேரடி ஒளிபரப்பு. சார் வந்து மாலையை வாங்கிக்கொண்டு போனால் போதாது, 'பஜ்ஜி' காட்சியை நடித்தும் காட்ட வேண்டும். பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் போய்க் காபி வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 5, வியாழன்

மோட்டார் வந்துவிட்டது. தண்ணீர் வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து அம்பத்தூர் போனேன். அங்கே மீன் நன்றாக இருக்கும். விருகம்பாக்கத்தில் இதே மீன் கிடைக்கிறது, எதற்கு இரண்டு பஸ் மாறிப் போகிறீர்கள் என்று தங்கை மகள் கேட்கிறாள். அவளுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்? அம்பத்தூர் வரை போய்விட்டு ஏகா சார் வீட்டை எட்டிப் பார்க்காமல் வர முடியாது. மார்க்கெட்டிலிருந்து ஓர் ஆட்டோ தூரம்தான்.

மருமகள் ஷர்மிளா கதவைத் திறந்தாள். "வாங்க அத்தை. மாமா டி.வி. பார்க்கறாரு" என்றாள். டி.வி.யில் சத்தமே வைக்கவில்லை. ஏதோ ஒரு புருஷன் பெண்டாட்டிக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு நேரே, முகம் தெரிகிற மாதிரி நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். எப்போதும் அப்படித்தான் உட்காருவேன்.

"இன்னா பங்கஜம், பார்த்தியா? இந்தப் பொண்ணு இஷ்டத்துக்கு இழுக்குது. எதிர்ல நிக்கறவன் எப்பப் பேசுவான், பாவம்" என்றார்.

அவருக்குக் காது கேட்காது. வயதாகிவிட்டதால் வந்தது என்று மகன் இளங்கோ நினைத்துக்கொண்டிருக்கிறான். ஹாஸ்டலில் வளர்ந்த பையன். நிகழ்ச்சி தொடங்கிய மூன்றாம் வருடம் டைபாய்டில் படுத்தார். எழுந்தபோது ஒரு காது முழுக்கப் போயிருந்தது, இன்னொன்றில் இரைச்சல் மட்டும் மிச்சம். மெதுவாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். செட்டில் அது நடக்காது. நான் கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும், அவருக்குத் தெரிவது என் கன்னம்தான். அதனால் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். நான் பேசி முடித்து, கூட்டத்தின் சிரிப்பு அடங்கி, முந்தானையை இழுத்தால் அவர் பேச வேண்டும். இழுக்காத வரை வாயைத் திறக்கக் கூடாது. என் கை கீழே இறங்குகிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ள அவருக்கு ஒரு நொடி ஆகும். அந்த நொடியில் எச்சில் விழுங்குவார். விஷயம் இவ்வளவுதான்.

காது கேட்காத நடிகனை யார் வைத்துக்கொள்வார்கள்? யாருக்கும் சொல்லாதே என்றார். நான் சொல்லவில்லை. எனக்கும் அவர் மனைவி மரகதத்துக்கும் மட்டும் தெரியும். நான்கு வருடத்துக்கு முன் மரகதம் போய்ச் சேர்ந்ததிலிருந்து எனக்கு மட்டும். ஒரு பத்திரிகையில் 'மௌனத்தால் சிரிக்கவைக்கும் மேதை' என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள். அதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டி, கையிலிருந்த டீ சட்டையில் கொட்டும்வரை சிரித்தார். அதற்குப் பிறகு எல்லோரும் அந்த மௌனத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அவரைப் பார்த்தவர்கள் செய்தார்கள், அவர்களைப் பார்த்தவர்கள் செய்தார்கள், இப்போது செய்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் ஏகா சாரைப் பார்த்ததுகூட இல்லை.

விழாவைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. யுவராஜ் இளங்கோவிடம் போனில் பேசியிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் என் உதட்டிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார். பதில் சொல்லப் பிடிக்காவிட்டால் அப்படிச் செய்வார்.

அப்புறம் அவரே சொன்னார். "ஒரே ஒரு தடவை, பங்கஜம். கடைசியா என்னைப் பார்க்கறவன் சிரிச்சிட்டுப் போவணும். ஐயோ பாவம்னு சொல்லிட்டுப் போயிடக் கூடாது. நீதான் பக்கத்துல இருக்கப்போறியே, இன்னா பயம்?"

இருக்கிறேன் என்றேன். மீன் கெட்டுவிடும் என்று கிளம்பிவிட்டேன்.

ஜூன் 11, புதன்

மனைவி வேடத்துக்கு நான் இல்லையாம். தர்ஷிகாவாம்.

யுவராஜ் என்னைத் தனியே கூப்பிட்டு மிகவும் பதமாகச் சொன்னார். "ரெண்டு தலைமுறை ஒரே மேடையிலம்மா. அவரோட ஸ்டைல் இன்னிக்கும் உயிரோட இருக்குன்னு காட்டணும். தர்ஷிகாதான் இன்னிக்குப் பங்கஜம். நீங்க ஜட்ஜ் சீட்ல இருப்பீங்க, பட்டுப்புடவை ஸ்பான்சர் தர்றாங்க."

தர்ஷிகா இந்தச் சேனலின் பெரிய நட்சத்திரம். அவள் படம் போட்ட பஸ் தினமும் எங்கள் தெரு முனையில் திரும்புகிறது. நல்ல பெண், பெரியவர்களைப் பார்த்தால் எழுந்து நிற்பாள். அவள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

சாருக்குப் பழகிய ஆள் வேண்டும் என்றேன். அதற்குத்தான் ஒத்திகை வைக்கிறோமே என்றார். பழக்கம் என்றால் என்ன பழக்கம் என்று விளக்கப் போனால் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் அன்றைக்கே அவரை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் ஆயிரம் பேருக்கு நடுவே அவர் தனியாக நிற்பார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வரும் வழியில் இஞ்சி, கொத்தமல்லி வாங்கினேன். புளி வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஜூன் 16, திங்கள்

தர்ஷிகாவுக்கு 'பஜ்ஜி' சொல்லிக்கொடுத்தேன். பங்கஜம் தன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துவரச் சொல்லிப் புருஷனை அனுப்புகிறாள். தாமோதரன் அங்கே போய் நன்றாகத் தின்றுவிட்டுத் தூங்கிவிட்டுத் திரும்பி வருகிறான். இவள் ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். மாப்பிள்ளை என்ன நிறம் என்றால் கேசரி நிறம் என்கிறான். வீடு எப்படி என்றால் மொறுமொறுவென்று இருந்தது என்கிறான். மாமியார் எப்படி என்றால் ரெண்டாவது தடவையும் போட்டாங்க என்கிறான். இப்படியே போய்க் கடைசியில் அவள் அழுகிறாள், அவன் ஏப்பம் விடுகிறான். எழுதிப் பார்த்தால் ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் ஊரே சிரித்தது.

"இழுக்க வேண்டிய இடம் மொத்தம் ஆறு. அந்த ஆறைத் தவிர ஒரு இடத்திலும் கை தோளுக்குப் போகக் கூடாது. மூக்கு அரிச்சாலும் சொறியக் கூடாது" என்றேன்.

"ஏம்மா? நடுவுல ரெண்டு போட்டா நல்லாத்தானே இருக்கும்?"

"சாருக்கு அது பிடிக்காது."

"ஓகேம்மா. சாருக்காக எதுவும் பண்ணுவேன். எங்க அப்பா அவரோட பெரிய ஃபேன்" என்றாள். உண்மையாகவே சொன்னாள். ஆறு இடத்தையும் வசனத் தாளில் பச்சை மையால் வட்டம் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் தைலம் வாங்கினேன்.

ஜூன் 19, வியாழன்

இளங்கோ அவரைக் காரில் கொண்டுவந்து விட்டான். "அப்பாவுக்கு இப்ப கொஞ்சம் சத்தமாப் பேசணும்" என்று யுவராஜிடம் சொன்னான். அதற்கென்ன, எங்க தாத்தாவுக்கும் அப்படித்தான் என்று யுவராஜ் சிரித்தார்.

தர்ஷிகாதான் பங்கஜம் என்பது அவருக்கு அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. இளங்கோவிடம் சொல்லியிருக்கிறார்கள், அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லியிருக்கலாம். இந்த ஞாயிறு மீன் வாங்கப் போகவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் தாளைக் காட்டி, ஆறு, என்று விரலால் சொன்னேன். தலையாட்டினார். போய் அந்தப் பெண்ணுக்கு எதிரே நின்றார்.

ஒத்திகை ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. கூடத்தில் நாங்கள் பத்துப் பேர்தான். அவள் ஆறு இடத்திலும் அளவாக இழுத்தாள், அவர் ஆறு இடத்திலும் விழுங்கிப் பேசினார். லைட் போடுகிறவர்கூட வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார். நான் இல்லாமலே நடக்கிறது. நல்லதுதான். அதற்குத்தானே சொல்லிக்கொடுத்தேன்.

கிளம்பும்போது, "பொண்ணு நல்லாத்தான் பண்ணுது" என்றார். ஆமாம் என்றேன். "ஆனா என் மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்குது" என்றார்.

வீட்டுக்கு வந்து புளியோதரை செய்தேன். உப்பு கூடிவிட்டது, சாப்பிடவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நான்கு மணிக்குள் வரச் சொன்னார்கள். ஸ்பான்சர் புடவை ராமர் நீலம், ஜரிகை கனம். உடை கட்டிவிட்ட பெண் மடிப்பு கலையாமல் இருக்கத் தோளில் வரிசையாகப் பின் குத்திவிட்டாள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஜட்ஜ் மேசை மேடைக்குப் பக்கவாட்டில். என் முன்னால் ஒரு பூச்சாடி, ஒரு மைக், கடிக்க முடியாத ஒரு பிஸ்கட் தட்டு.

அரங்கம் நிரம்பி வழிந்தது. ஏகா சார் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். அவர் கும்பிட்டுக்கொண்டே கைகளைப் பார்த்தார். தட்டுவது நின்றுவிட்டதா என்று அவருக்குக் கைகளைப் பார்த்துத்தான் தெரியும்.

காட்சி தொடங்கியது. தர்ஷிகா, மாப்பிள்ளை என்ன நிறம் என்று கேட்டு முந்தானையை இழுத்தாள். சரியான இடம். அவர் விழுங்கினார். பதிலைச் சொல்வதற்கு முன்பே அரங்கம் கூவியது. முப்பது வருடமாக எல்லோரும் போட்ட நகலைப் பார்த்தே வளர்ந்த கூட்டம். அசல் மனிதருக்கு எதிரே அந்த இழுப்பைப் பார்த்ததும் விசில் பறந்தது. அவர் கேசரி நிறம் என்றார், பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். கைதட்டல் என்பது என்னவென்று எனக்குத் தெரியும். கூட்டம் ஒன்றுக்குத் தட்டினால் அதைத் திரும்பச் செய்யாமல் கை சும்மா இருக்காது. இந்தத் தொழிலில் பிழைக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் பிழைக்கிறோம். அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பி, குறும்பாக, இன்னொரு முறை இழுத்தாள். விசில் இரட்டிப்பானது.

அவர் விழுங்கினார். "மொறுமொறுன்னு இருந்துச்சு" என்றார். வீடு எப்படி என்று அவள் இன்னும் கேட்கவே இல்லை.

அவள் சாமர்த்தியசாலி, உடனே வீடு எப்படி என்று கேட்டுப் பார்த்தாள். அவருக்குத் தெரிந்தது அவள் கன்னம்தான், பேசாமல் நின்றார். பதில் வரவில்லையே என்ற பதற்றத்தில் அவள் கை தானாகத் தோளுக்குப் போனது. "ரெண்டாவது தடவையும் போட்டாங்க" என்றார். கூட்டத்தில் கொஞ்சம் பேர் சிரித்தார்கள், கொஞ்சம் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் மறுபடி இழுத்தாள். அவர் மறுபடி பேசினார். கேள்விகள் ஒரு பக்கம் கிடக்க, பதில்கள் தீர்ந்துபோய்விட்டன.

பிறகு அவர் நின்றுவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கேமரா அருகில் போவதைப் பார்த்தேன். முன்வரிசையில் ஓர் அம்மாள் முகத்தைச் சுளித்து, பக்கத்திலிருந்த கணவரின் கையைத் தொட்டாள். ஐயோ பாவம் என்று சொல்லப்போகிற முகம் எனக்குத் தெரியும். நான் மேசைக்குப் பின்னாலிருந்தே என் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அது அசையவில்லை. பின் ஒன்று தோளில் இறங்கியது. அவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பயமாக இருந்தது. அவரைவிட எனக்குத்தான் அதிகம் பயமாக இருந்திருக்கும்.

அவர் மெதுவாக மேடையின் முனைக்கு வந்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"எனக்குக் காது கேக்காதுங்க" என்றார்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது.

"நெஜமாத்தான் சொல்றேன். முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒண்ணுமே கேக்காது."

சிரிப்பு இன்னும் ஏறியது. முகம் சுளித்த அம்மாளும் சிரித்தாள்.

"பங்கஜம் முந்தானியை இழுத்தா நான் பேசணும். அதாங்க எங்க கணக்கு. அதுக்கு வேற அர்த்தமே கிடையாது. இந்தப் பொண்ணு சும்மா சும்மா இழுக்குது. நான் இன்னாதான் பண்ணுவேன்?"

ஆட்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். யுவராஜ் மேடையோரத்தில் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு துள்ளிக்கொண்டிருந்தார். தர்ஷிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். குனிந்தவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். இன்றைக்கு முதல் முறையாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் திறந்த வாய்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். ஒருவரும் நம்பவில்லை என்பது அவருக்குப் புரிந்திருக்கும். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"ஃபிலோமினா, இங்க வா" என்றார்.

மேடையில் என்னை அந்தப் பெயரில் அவர் கூப்பிட்டதே இல்லை. மேடைக்கு வெளியிலும் எப்போதாவதுதான். எழுந்தேன். நாலு படி. தர்ஷிகா இறங்கி வந்து என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள், தன் இடத்தை விட்டு ஒதுங்கி நின்றாள்.

முதலிலிருந்து ஆரம்பித்தோம். நான் கேட்டேன். சிரிப்பு அடங்கக் காத்திருந்தேன். பின் குத்திய முந்தானை நகரவில்லை, கையை மட்டும் கொண்டுபோய் இறக்கினேன். அவருக்கு அது போதும். விழுங்கினார், பேசினார். கேசரி, பஜ்ஜி, இரண்டாவது தடவை, கடைசி ஏப்பம்வரை ஓர் இடம் பிசகவில்லை. முன்வரிசை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

உள்ளே மேக்கப் அறையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நாற்காலியை அவருக்கு நேரே போட்டுக்கொண்டேன்.

"நம்புனாங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப இன்னொரு தடவை சொல்லணுமா?"

"வேணாம். சிரிச்சிட்டுத்தான் போனாங்க" என்றேன்.

அவர் அதை இரண்டு முறை சொல்லச் சொன்னார். உதடு சரியாகத் தெரியவில்லையாம். என் உதடு நிலையாக இல்லை, அதுதான் காரணம். இளங்கோ கார் கொண்டுவந்தான், கிளம்பிவிட்டார்கள்.

தோளில் பின் குத்திய இடத்தில் ரத்தம் ஒரு பொட்டு. புடவையை நாளை திருப்பித் தர வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் அலசியிருக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

கறை போய்விட்டது. புடவையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

ஜூன் 27, வெள்ளி

ஒத்திகைக் கூடத்தில் இன்று முதல் காட்சியின் நடுவே ஒரு பையன் சட்டென்று நின்றான். முன்னால் வந்து கும்பிட்டு, "எனக்குக் கண்ணு தெரியாதுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த காட்சியில் ஒருவன், "எனக்கு இந்த வசனமே தெரியாதுங்க" என்றான். மூன்றாவதாக வந்தவன் ஜட்ஜ் நாற்காலியிலிருந்து என்னைக் கூப்பிட்டு மேடையேற்றினான். மற்ற சேனல்களிலும் தொடங்கிவிட்டதாம். யுவராஜ் இதற்கு 'ஏகா உடைப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார். "எழுபத்தி நாலு வயசுல மேடையில நின்னபடியே புதுசா ஒண்ணைக் கண்டுபிடிச்சாரும்மா. யார் எழுதிக் கொடுத்தது, நீங்களா?" என்று கேட்டார். யாரும் எழுதவில்லை என்றேன். அதற்கும் வியந்தார்.

அடுத்த வாரத்திலிருந்து இதைப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். கொடுக்கத்தான் வேண்டும். எங்கே நிற்பது, எத்தனை அடி முன்னால் வருவது, கும்பிடும்போது கை எவ்வளவு உயரம் என்றெல்லாம் கேட்பார்கள்.

எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு தர்ஷிகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, சார் சொன்னது உண்மைதானே?"

சொல்ல மாட்டேன் என்று அவருக்குக் கொடுத்த வாக்கு எனக்கு இன்னும் இருக்கிறது.

"நான் இழுத்தப்பல்லாம் அவரு பேசினாரும்மா. நான் எங்க தப்பா இழுத்தேனோ அங்கயெல்லாம் பேசினாரு. எங்க அப்பா சாகற வரைக்கும் அவரை மாதிரி நின்னு காட்டுவாரு, தெரியுமா? நான்..." என்று அழ ஆரம்பித்தாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன். மேக்கப் கலைந்துவிடும் என்று சொன்னேன். அவ்வளவு பெரிய அரங்கத்தில் ஒரே ஒருத்தியாவது அவர் சொன்னதை நம்பினாள் என்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லத் தெரியவில்லை.

மதியக் காட்சியில் அவள் மனைவியாக நடித்தாள். இரண்டு கையும் மடியிலேயே இருந்தன. எதிரே நின்றவன் எப்போது பேசுவது என்று தெரியாமல் விழித்தான்.

ஜூன் 29, ஞாயிறு

பூசை. மழை. அம்பத்தூர் போகவில்லை. விருகம்பாக்கத்தில் மீன் வாங்கினேன். நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 2, புதன்

ஷர்மிளா போன் செய்தாள். மாமா தானாகவே கேட்டாராம், என்னைக் காது டாக்டரிடம் கூட்டிப்போ என்று. இத்தனை வருடம் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவர். ஏன் இப்போது என்று இளங்கோ கேட்டதற்கு, "டி.வி.யிலயே சொல்லிட்டேன், இனிமே யாருக்கு மறைக்கணும்?" என்றாராம். இளங்கோ முதலில் சிரித்திருக்கிறான். அப்புறம் டாக்டர், இது வயதால் வந்தது போலத் தெரியவில்லையே, பழசு போலிருக்கிறதே என்று சொன்ன பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"ஒரு காதுல மெஷின் வச்சிருக்காங்க அத்தை. கொஞ்சம் கொஞ்சமாப் பழகணுமாம். மிக்ஸி போட்டா எடுத்து வச்சிடறாரு" என்றாள்.

நல்லது என்றேன். வேறென்ன சமையல் என்று கேட்டேன். ஏதோ சொன்னாள், மனதில் நிற்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்து துணி ஊறவைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஷர்மிளா எண். எடுத்து, சொல்லு ஷர்மிளா என்றேன்.

"நான்தான்" என்றார்.

போனில் அவர் குரலை நான் கேட்டதே இல்லை. ஆரம்ப காலத்தில் எங்கள் வீட்டில் போன் இல்லை. போன் வந்த பிறகு அவருக்குக் காது இல்லை. எது சொல்வதானாலும் மரகதம் கூப்பிட்டுச் சொல்வாள், அப்புறம் இளங்கோ, அப்புறம் ஷர்மிளா. நேரே போனால்தான் பேச்சு. குரல் போனில் வேறு யாரோ போல, இளமையாக இருந்தது.

நான் எப்படி இருக்கீங்க என்றேன். அதே நேரத்தில் அவரும் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் நிறுத்தினோம். மறுபடி இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்தோம், மறுபடி நிறுத்தினோம். பதிமூன்று வருடம் கோடிக்கணக்கான பேர் முன்னால் ஓர் இடம்கூட இடறாமல் பேசியவர்கள் நாங்கள். இப்போது யார் பேசுவது என்று தெரியவில்லை. நான் என்ன செய்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. கையில் சோப்பு நுரையோடு நின்றேன். அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது. என்னுடையதும் அவருக்குக் கேட்டிருக்கும். நினைக்க வெட்கமாக இருந்தது, இந்த வயதில்.

"நீ பேசு, ஃபிலோமினா. நான் கேக்கறேன்" என்றார்.

என்ன பேசுவது? தண்ணீர் வராததைச் சொன்னேன். மோட்டாரைச் சொன்னேன். விருகம்பாக்கத்து மீனைச் சொன்னேன், அது அம்பத்தூர் மீனைவிட ஒன்றும் மட்டமில்லை என்பதையும் சொன்னேன். அவர் நடுவில் குறுக்கிடவே இல்லை. ரொம்ப நேரம் பேசினேன். ஊறவைத்த துணி அப்படியே கிடக்கிறது, நாளைக்குத்தான் துவைக்க வேண்டும்.